பாலம் உடைத்த வுட்ஹவுஸும் மொசாதெக்கைக் கவிழ்த்த வுட்ஹவுஸும் ஒரே ஆளா?

கேள்வி (பிப்ரவரி 4): ஈரானில் 1953-இல் மொசாதெக் ஆட்சியைக் கவிழ்த்த கதையைப் படிக்கும்போது சி.எம். வுட்ஹவுஸ் என்று ஒரு பிரிட்டிஷ் உளவு அதிகாரி வருகிறார். கிரீஸ் நாட்டு எதிர்ப்புப் போராட்டத்தைப் பற்றிப் படித்தால் அங்கேயும் ஒரு வுட்ஹவுஸ், மலையில் கெரில்லாக்களோடு திரிகிறார். ஆக்ஸ்ஃபோர்ட் தொகுதி எம்.பி. என்று இன்னொருவர். மூன்றும் ஒரே ஆளா, இல்லை பெயர்க்குழப்பமா?

பிப்ரவரி 4, இரவு 10.50

ஒரே ஆள்தான். கிறிஸ்டஃபர் மாண்டேகு வுட்ஹவுஸ், எல்லோருக்கும் மாண்டி. 1917 மே மாதம் பிறந்து 2001 பிப்ரவரியில் இறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் கிரேக்கமும் லத்தீனும் படித்து இரட்டை முதல் வகுப்பு வாங்கியவர். போர் வராமல் இருந்திருந்தால் பிளேட்டோவைப் பாடம் நடத்திக்கொண்டே ரிட்டயர் ஆகியிருப்பார். போர் வந்தது, கிரீஸில் கோர்கொபொடாமொஸ் ரயில் பாலத்தைத் தகர்த்தார், பிறகு டெஹ்ரான், பிறகு பார்லிமெண்ட்.

அந்தப் பாலத்தை நான் பார்த்திருக்கிறேன். 1998-இல் எங்கள் கப்பல் பிரேயஸ் பக்கத்தில் பெராமா யார்டில் ரிப்பேருக்கு நின்றபோது நாலு நாள் லீவு கிடைத்தது. ஏதென்ஸிலிருந்து தெசலோனிகிக்கு ரயிலில் போனேன். அந்தப் பாதையில்தான் பாலம் இருக்கிறது. அப்போது எனக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது.

பிப்ரவரி 5, காலை

கீழே ஒருவர் திருத்தியிருக்கிறார், சரியாகத்தான் திருத்தியிருக்கிறார். "பாலத்தைத் தகர்த்தார்" என்று நான் எழுதியது தப்பு. அந்த ஆபரேஷனுக்கு (ஹார்லிங் என்று பெயர்) தலைவர் எடி மையர்ஸ் என்ற என்ஜினியர் அதிகாரி. வுட்ஹவுஸ் அவருக்கு அடுத்த நிலை. பாலத்தின் காலடியில் இறங்கி வெடி வைத்தது டாம் பார்ன்ஸ் என்ற நியூசிலாந்துக்காரரின் கோஷ்டி. வுட்ஹவுஸுக்கு வெடிமருந்து வேலை தெரியாது. அவருக்குத் தெரிந்தது கிரேக்கம்.

ஆனால் அது சின்ன விஷயம் இல்லை, இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 1942 செப்டம்பர் கடைசியில் பன்னிரண்டு பேர், மூன்று லிபரேட்டர் விமானங்களில் நாலு நாலு பேராக வந்தார்கள். முதல் ராத்திரி கீழே தீ மூட்டிய அடையாளம் எதுவும் தெரியாமல் திரும்பிப் போய்விட்டார்கள். இரண்டாவது தடவை கிளம்பும்போதே முடிவு செய்துவிட்டார்கள், அடையாளம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் குதிப்பது என்று. குதித்தார்கள். மலையில் ஆளுக்கொரு பக்கம் விழுந்து, சாமான் ஒரு பக்கம் போய், நாட்கணக்கில் ஒருவரை ஒருவர் தேடினார்கள். மூன்றாவது விமானத்தில் வந்த கோஷ்டி வாரக்கணக்கில் தாமதமாகத்தான் குதித்தது, அதுவும் நாட்டை ஆக்கிரமித்திருந்த இத்தாலியர் முகாமிட்டிருந்த ஊருக்குப் பக்கத்திலேயே.

பாலத்தில் காவல் இருந்தது. பன்னிரண்டு பேரால் ஆகிற காரியமில்லை, உள்ளூர்ப் படை வேண்டும். இரண்டு படைகள் இருந்தன. ஒன்று எலாஸ், கம்யூனிஸ்டுகள் கட்டுப்பாட்டில் இருந்தது, தளபதி ஆரிஸ் வெலூகியோடிஸ். இன்னொன்று எடெஸ், தலைவர் நெப்போலியன் ஸெர்வாஸ், தாடி வைத்த, பருமனான, சிரித்த முகக்காரர். இவர்களுக்குள் ஆகாது. ஸெர்வாஸைத் தேடி பிண்டஸ் மலையை நடந்தே கடந்து போய்க் கூட்டிக்கொண்டு வந்தவர் வுட்ஹவுஸ். அப்போது அவருக்கு வயது 25. ஆரிஸும் வந்து சேர்ந்தார். ஏறத்தாழ 150 பேர், இரண்டு கட்சியும் பிரிட்டிஷ்காரர்களும் சேர்ந்து ஒரே இலக்கைத் தாக்கினார்கள். அதற்கப்புறம் இந்த இரண்டு கட்சியும் அப்படிச் சேர்ந்து நின்றதே இல்லை என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல்.

பிப்ரவரி 5, மாலை

வெடி வைத்த கதையைக் கேட்டதால் சொல்கிறேன், எனக்கும் பிடித்த பகுதி. நவம்பர் 25 ராத்திரி. இரும்புத் தூணின் குறுக்குவெட்டு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு அந்த வடிவத்துக்கு ஏற்றபடி சார்ஜுகளைப் பிடித்து வைத்திருந்தார்கள். கீழே இறங்கித் தடவிப் பார்த்தால் வடிவம் வேறு. மேலே துப்பாக்கிச் சத்தம், வடக்கு முனையில் தாக்குதல் சொதப்பிக்கொண்டிருக்கிறது, இவர்கள் இருட்டில் உட்கார்ந்து மொத்தத்தையும் பிரித்துத் திரும்பப் பிசைகிறார்கள். இருபத்திரண்டு வருஷம் என்ஜின் ரூமில் இருந்தவன் நான். டிராயிங்கில் ஒன்று இருக்கும், கழற்றிப் பார்த்தால் வேறொன்று இருக்கும், சீஃப் என்ஜினியர் மேலேயிருந்து எவ்வளவு நேரம் எவ்வளவு நேரம் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். எங்களைச் சுட மட்டும் யாரும் இல்லை.

பாலத்தில் இரண்டு ஸ்பான் (தூணுக்குத் தூண் நடுவே உள்ள பகுதி) விழுந்தது. தாக்கியவர்கள் தரப்பில் ஒருவரும் சாகவில்லை. ஆறு வாரத்துக்கு மேல் ஏதென்ஸ் - தெசலோனிகி ரயில் ஓடவில்லை. ஆனால் பழிவாங்கலாக இத்தாலியர்கள் அந்தப் பக்கத்துக் கிரேக்கர்களைப் பிடித்துக்கொண்டு போய்ச் சுட்டார்கள். "ஒருவரும் சாகவில்லை" என்பதை எழுதும்போது இதையும் சேர்த்து எழுதத்தான் வேண்டும்.

பிப்ரவரி 6

"அந்தப் பாலத்தை உடைத்ததால்தான் ஜெர்மன் தளபதி ரோமெல் ஆப்பிரிக்காவில் தோற்றார்" என்று ஒரு அண்ணன் அடித்துச் சொல்கிறார். தேதியைப் பாருங்கள் அண்ணே. திட்டம் போட்டது அதற்காகத்தான்: ஜெர்மன் சரக்கு இந்த ஒரே ரயில் பாதையில் பிரேயஸ் வந்து, கிரீட் வழியாக ஆப்பிரிக்கா போனது. ஆனால் எல் அலமைனில் ரோமெல் பின்வாங்கியது நவம்பர் 4. பாலம் விழுந்தது நவம்பர் 25. கல்யாணம் முடிந்து மூன்று வாரம் கழித்துப் போய்ச் சேர்ந்த சீர்வரிசை.

அதனால் வீண் என்று சொல்லவில்லை. ஆக்கிரமிக்கப்பட்ட ஐரோப்பாவில் அந்த அளவில் நடந்த முதல் பெரிய நாசவேலைகளில் ஒன்று அது. அதைப் பார்த்துத்தான் கெய்ரோவில் இருந்த பிரிட்டிஷ் தலைமைக்கு இன்னும் செய்யலாம் என்று ஆசை வந்தது. வேலை முடிந்ததும் பெரும்பாலோரை மேற்குக் கரையிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போவதாகத்தான் ஏற்பாடு. கிறிஸ்துமஸ் சமயத்தில் பனியில் நடந்து கரைப்பக்கம் போனால், கப்பல் வராது, மலையிலேயே இருங்கள் என்று செய்தி. கப்பல்காரனாக இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் அவமானமாக இருக்கும்.

இருந்தார்கள். 1943 ஆகஸ்டில் கெரில்லாப் பிரதிநிதிகளைக் கெய்ரோவுக்குக் கூட்டிப்போன மையர்ஸைத் திரும்பிப் போக விடவில்லை. பொறுப்பு வுட்ஹவுஸ் கைக்கு வந்தது. வயது 26, கர்னல், ஒரு நாட்டின் மலைகள் முழுக்க இருந்த நேச நாட்டு அதிகாரிகளுக்குத் தலைவர். அந்த அக்டோபரிலேயே எலாஸும் எடெஸும் ஒருவரை ஒருவர் சுட ஆரம்பித்துவிட்டார்கள்.

பிப்ரவரி 8

இரண்டு நாள் வர முடியவில்லை, வீட்டில் பெயிண்டிங் வேலை.

பணத்தைப் பற்றிய கேள்வி நல்ல கேள்வி. மலையில் இருந்த படைக்கு எதில் சம்பளம்? டிராக்மா காகிதமாகிவிட்டது. 1944 கடைசியில் பத்தாயிரம் கோடி டிராக்மாவுக்கு ஒரே நோட்டு அச்சடித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதனால் பிரிட்டிஷ்காரர்கள் தங்க சாவரின் காசுகளைப் பாராசூட்டில் இறக்கினார்கள். அதுதான் நம் ஊர் சவரன். நாம் நகைக்கடையில் "எட்டு கிராம் ஒரு சவரன்" என்று சொல்கிறோமே, அது அந்தக் காசின் எடையிலிருந்து வந்த பேச்சு (சரியாகச் சொன்னால் 7.98 கிராம், 22 காரட்). கிரேக்கர்கள் அதை லிரா என்பார்கள். போர் முடிந்து பல வருஷம் வரைக்கும் அங்கே வீடு, நிலம் விலை பேசினதே இந்தக் காசில்தான்.

இதே ஸெர்வாஸுக்கு 1942-இல் மலைக்குப் போகச் சொல்லி முதலில் பணம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு ஏதென்ஸிலேயே உட்கார்ந்திருந்தார். போகாவிட்டால் காட்டிக்கொடுப்போம் என்று மிரட்டிய பிறகுதான் கிளம்பினார். கிளம்பியவர் ஆக்கிரமிப்பு முடியும்வரை மலையை விட்டு இறங்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். இந்த விவரமெல்லாம் வெளியே வரக் காரணம் வுட்ஹவுஸேதான், தன் பக்கத்து ஆள் என்று மறைக்கவில்லை. அந்த விஷயத்தில் அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

பிப்ரவரி 8, சற்று நேரம் கழித்து

சேர்க்க மறந்தது. அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் இந்தர் கில். அப்பா சீக்கியர், அம்மா ஸ்காட்லாந்துக்காரர். கிரீஸில் மிலிட்டரி கிராஸ் வாங்கினார். பிறகு இந்திய ராணுவத்துக்கு வந்து, 1971 போரின்போது டெல்லியில் ராணுவ நடவடிக்கைகள் பிரிவைக் கவனித்தவர், லெஃப்டினென்ட் ஜெனரலாக ஓய்வு பெற்றவர் இவர்தான். ஓய்வுக்குப் பின் சென்னையில் குடியேறினார். மெட்ராஸ் வரலாறு எழுதிய எஸ். முத்தையா அவர் வாழ்க்கையையும் எழுதியிருக்கிறார். நானும் அந்த வருஷங்களில் லீவுக்கு லீவு சென்னையில்தான் இருந்தேன். பாலத்தடியில் இருந்த ஆள் நம் ஊரில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். வுட்ஹவுஸ் இறந்த அதே 2001-இல் அவரும் இறந்தார்.

பிப்ரவரி 9

இப்போது டெஹ்ரான். இதில் எனக்கும் இங்கே எழுதும் இன்னொருவருக்கும் சண்டை வரும், வரட்டும்.

1951-இல் மொசாதெக் பிரதமர் ஆனார், ஆங்கிலோ-ஈரானியன் எண்ணெய் கம்பெனியை தேசியமயமாக்கினார். வுட்ஹவுஸ் அந்த வருஷமே எம்.ஐ.6 (பிரிட்டிஷ் வெளிநாட்டு உளவுத்துறை) வேலையாக டெஹ்ரான் போனார். ரஷீதியான் சகோதரர்கள் என்று மூன்று வியாபாரிகள், அவர்கள் வழியாகப் பணம் பத்திரிகைக்கும் பஜாருக்கும் எம்.பி.க்களுக்கும் போனது. 1952 அக்டோபரில் மொசாதெக் பிரிட்டிஷ் தூதரகத்தையே மூடிவிட்டார். ஆள் வெளியே வந்தாயிற்று, வலைப்பின்னல் உள்ளே இருக்கிறது, அதை இயக்க ஆள் வேண்டும். நவம்பரில் வுட்ஹவுஸ் வாஷிங்டன் போனார். ஐசன்ஹோவர் அப்போதுதான் ஜெயித்திருந்தார்.

அங்கே என்ன சொன்னார் என்பதை 1982-இல் வந்த தன் வரலாற்றில் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். எண்ணெய்க்காக அமெரிக்கர்களை வேலை வாங்குகிறோம் என்று பெயர் வந்துவிடக் கூடாது, அதனால் எண்ணெயைப் பின்னால் தள்ளிக் கம்யூனிஸ்ட் ஆபத்தை முன்னால் வைத்தேன் என்கிறார். 1953 ஆகஸ்ட் 19-இல் காரியம் முடிந்தது, அப்போது களத்தில் இருந்தது சி.ஐ.ஏ.வின் கெர்மிட் ரூஸ்வெல்ட். மொசாதெக்குக்கு மூன்று வருஷம் சிறை, பிறகு 1967-இல் சாகும்வரை வீட்டுக்காவல்.

என் கருத்து: அவர் பொய் சொல்லவில்லை, வியாபாரம் பேசினார். கூடவே, தான் பேசியதை நம்பவும் செய்தார். கிரீஸில் பார்த்த ஆள் அவர். 1944 டிசம்பரில் ஏதென்ஸ் தெருக்களில் எலாஸும் பிரிட்டிஷ் படையும் சுட்டுக்கொண்டது, 1946 முதல் 1949 வரை முழு உள்நாட்டுப் போர். மலையில் கூட இருந்த ஆரிஸின் தலையை வெட்டி 1945-இல் திரிகலா ஊர்ச் சதுக்கத்தில் தொங்கவிட்டார்கள். இதையெல்லாம் பார்த்தவனுக்கு டெஹ்ரானில் தூதே (ஈரான் கம்யூனிஸ்ட்) கட்சி ஊர்வலம் போனால் ஏதென்ஸ்தான் கண்ணில் தெரியும்.

பிப்ரவரி 9, நள்ளிரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். தூக்கம் வரவில்லை. ரொம்ப சுலபமாக அவரை விட்டுவிட்டேன் போலிருக்கிறது.

கிரீஸ் அவருக்கு இன்னொரு பாடமும் சொல்லித்தந்திருக்க வேண்டுமே. பிளாகாவில் 1944 பிப்ரவரியில் உட்கார்ந்து பேசி எலாஸ் - எடெஸ் சண்டையை நிறுத்தியதில் அவருக்குப் பங்கு உண்டு. வெளிநாட்டுப் பணம் உள்ளே வந்தால் உள்ளூர் ஆட்கள் எப்படி மாறிப்போவார்கள் என்று சவரன் சவரனாக எண்ணிக் கொடுத்த கைக்குத் தெரியும். அந்தக் கைதான் டெஹ்ரானிலும் கொடுத்தது. ஏதென்ஸ் கண்ணில் தெரிந்ததென்றால் இந்தப் பக்கமும் தெரிந்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 10

"எண்ணெய் கிடைத்ததே, பிரிட்டனுக்கு லாபம்தானே" என்று எழுதியவருக்கு: 1954-இல் கூட்டமைப்பு போட்டுப் பங்கு பிரித்தார்கள். முன்பு மொத்தமும் வைத்திருந்த பிரிட்டிஷ் கம்பெனிக்கு 40 சதவீதம், அமெரிக்கக் கம்பெனிகளுக்கு 40, ஷெல்லுக்கு 14, பிரெஞ்சுக்காரர்களுக்கு 6. பாதித் தோப்பை எழுதிக்கொடுத்துவிட்டுத் தேங்காய் பறித்த கதை.

ஈரான் மன்னர் ஷா இப்படிக் கொடுங்கோலர் ஆவார் என்று எதிர்பார்க்கவில்லை என்று வுட்ஹவுஸ் பின்னால் எழுதினார். எழுதும்போது 1979 புரட்சி நடந்து முடிந்துவிட்டது. ஏன் எதிர்பார்க்கவில்லை என்பதை மட்டும் அவர் திருப்தியாகச் சொல்லவில்லை, என் அபிப்பிராயத்தில்.

பிப்ரவரி 12

முதல் கேள்வியில் வந்த அரசியல்வாதி வுட்ஹவுஸைப் பற்றி அதற்கப்புறம் யாருமே கேட்கவில்லை. சொல்லவும் அதிகம் இல்லை. 1955 முதல் 1959 வரை லண்டன் சாட்டம் ஹவுஸ் (சர்வதேச விவகார ஆய்வு நிறுவனம்) இயக்குநர். 1959-இல் ஆக்ஸ்ஃபோர்டில் கன்சர்வேடிவ் எம்.பி. (முதலில் லேபர் என்று எழுதி அழித்தேன், யாரும் பார்த்திருந்தால் மன்னிக்கவும்). விமானத் துறையிலும் உள்துறையிலும் ஜூனியர் மந்திரி. 1966-இல் இவான் லுவார்டிடம் தோற்று, 1970-இல் ஜெயித்து, 1974 அக்டோபரில் அதே லுவார்டிடம் திரும்பத் தோற்றார். ஆக்ஸ்ஃபோர்ட் என்றால் பல்கலைக்கழகம் மட்டுமில்லை, கௌலி கார் தொழிற்சாலையும்தான். நம் அம்பாஸடரின் மூதாதை மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் அந்த ஊர்க் கார். கேபினட் அளவுக்கு அவர் போகவே இல்லை. 26 வயதில் ஒரு தேசத்தின் தலைவிதியைப் பேசியவர் 45 வயதில் துணை மந்திரியாக ஃபைலில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் எழுதிய புத்தகங்கள்தான் மிச்சம். கிரேக்கப் போராட்டம் பற்றி 1948-லேயே ஒன்று எழுதினார், 1976-இல் உள்நாட்டுப் போர் பற்றி இன்னொன்று. முதல் புத்தகத்தில் எலாஸ் மேல் இருந்த காரம் இரண்டாவதில் கொஞ்சம் தணிந்திருக்கிறது.

பிப்ரவரி 13

தலைப்புக்குச் சம்பந்தமில்லை, ஆனால் விட மனசில்லை. வுட்ஹவுஸின் மனைவி டேவினா, இரண்டாம் லிட்டன் பிரபுவின் மகள். அந்தப் பிரபு 1922 முதல் 1927 வரை வங்காள கவர்னர். அவருடைய அப்பா யார்? வைஸ்ராய் லிட்டன். நம் தாது வருஷப் பஞ்சத்தில், 1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில் தர்பார் நடத்தினவர். மெட்ராஸ் செலவைக் குறைக்க ரிச்சர்ட் டெம்பிளை அனுப்பி, நிவாரண வேலைக்கூலியை நாளுக்கு ஒரு பவுண்டு தானியத்துக்கும் ஓரணாவுக்கும் இறக்கியது அவர் ஆட்சியில்தான்.

பேத்தியின் கணவர் மேல் அந்தப் பழியைப் போடவில்லை, அது அநியாயம். ஆனால் அவர் குதித்த கிரீஸும் பஞ்சத்திலிருந்து அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தது. 1941-42 குளிர்காலத்தில் ஏதென்ஸ் தெருக்களில் ஆட்கள் விழுந்து செத்தார்கள். ஜெர்மானியர்கள் தானியத்தை எடுத்துக்கொண்டது ஒரு காரணம், பிரிட்டிஷ் கடற்படை முற்றுகை இன்னொரு காரணம். துருக்கியிலிருந்து குர்துலுஷ் என்ற பழைய கப்பல் உணவு கொண்டுவந்தது, 1942 ஜனவரியில் ஐந்தாவது நடையில் மர்மரா கடலில் பாறையில் மோதி மூழ்கியது. பிரேயஸில் எங்களுக்கு வெல்டிங் வேலை பார்த்த கிழவர் ஒருவர் மேசையில் விழுந்த ரொட்டித்துணுக்கை விரலால் ஒற்றி எடுத்துச் சாப்பிடுவார். நாங்கள் சிரித்திருக்கிறோம். அவருக்கு எழுபது வயது இருக்கும் அப்போது. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 15

பாலத்தில் இப்போது நினைவுநாள் கொண்டாடுகிறார்களா என்று கேட்டிருந்தார்கள். நடக்கிறது. ஆனால் பல வருஷம் அது வலதுசாரி அரசுகளுக்குத் தொண்டையில் சிக்கிய முள், ஏனென்றால் பாலத்தை அடித்ததில் பெரும்பகுதி ஆட்கள் எலாஸ். 1964-இல் முதல் முறையாக அரசு விழாவாக நடத்தியபோது கூட்டத்துக்குள் கண்ணிவெடி வெடித்து 13 பேர் இறந்தார்கள். அது பழைய வெடி என்றும் சதி என்றும் இரண்டு கட்சி உண்டு. 1982-இல் பாஸோக் (சோஷலிஸ்ட் கட்சி) அரசுதான் எலாஸ்காரர்களையும் சேர்த்து தேசிய எதிர்ப்பு என்று சட்டம் போட்டு ஒப்புக்கொண்டது. நாற்பது வருஷம்.

பிப்ரவரி 18

ஒரு திருத்தம், என் சொந்தத் திருத்தம். முதல் குறிப்பில் பாலத்தைப் பார்த்திருக்கிறேன் என்று எழுதினேன் இல்லையா. பெயிண்டிங்குக்காகப் பரணைக் காலி செய்தபோது 1998 டைரி கிடைத்தது. தெசலோனிகிக்கு ராத்திரி வண்டி. "லிவாடியா ஸ்டேஷனில் டீ இல்லை. தூங்கிவிட்டேன். லாரிசாவில் விடிந்தது" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. பாலம் இரண்டுக்கும் நடுவில். திரும்பி வந்ததும் ராத்திரி வண்டிதான், அந்தப் பக்கத்தில் தூக்கத்தைப் பற்றிக்கூட எழுதவில்லை.

இத்தனை வருஷம் இரும்புத் தூணும் கீழே பள்ளத்தாக்கும் ஞாபகம் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். புகைப்படத்தில் பார்த்ததாக இருக்கும். புதுப் பாதை போட்டு ரயில் இப்போது சுரங்கம் வழியாகப் போகிறதாம், இனிமேல் போனாலும் ஜன்னலிலிருந்து தெரியாது. லாமியாவில் இறங்கி டாக்ஸி பிடிக்க வேண்டும்.